அது தங்கத் தகடு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கல்லூரி மாணவர்கள் செய்திருக்கும் சிறு செயற்கைக்கோள் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. கட்டுரையும் நன்றாகத்தான் இருந்தது, இரண்டு இடங்களைத் தவிர. படத்துக்குக் கீழே 'தங்கத் தகடு போர்த்திய செயற்கைக்கோள்' என்று ஒரு வரி. கடைசிப் பத்தியில், 'வெளிப்போர்வை வெப்பச் சோதனையில் தேறிவிட்டதால் விண்வெளிக்கு முழுத் தகுதி பெற்றுவிட்டது' என்று இன்னொரு வரி. முதல் வரியைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டாவது வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, 1986-ல் பெங்களூருக்குப் போனவன். அங்கே ஓர் ஆய்வகத்தில் வெற்றிடச் சேம்பர் பக்கத்திலேயே 29 வருஷம் ஓடிவிட்டது. விஞ்ஞானி இல்லை, டெக்னீஷியன். பம்ப்பைப் போடுவது, சாம்பிளை வெட்டி ஒட்டுவது, ராத்திரி முழுக்க மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது, இதுதான் வேலை. விண்கலத்துக்குப் போர்த்தும் படலம், அடிக்கும் பெயின்ட், ஒட்டும் கண்ணாடித் துண்டு என்று எத்தனையோ சரக்கு என் கை வழியாகப் போயிருக்கிறது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபிறகு இதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை. அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தங்கம். அது காப்டன் என்கிற பிளாஸ்டிக் படலம். இயல்பிலேயே தேன் நிறம். அதன் பின்பக்கத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்திருப்பார்கள். வெள்ளியாக மின்னும் அலுமினியத்தைத் தேன் நிறப் படலத்தின் வழியாகப் பார்க்கிறோம், கண்ணுக்குத் தங்கமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒருமுறை நான் ஊருக்குக் கொண்டுவந்த வெட்டுத்துண்டு ஒன்றை என் சித்தப்பா பத்திரமாகப் பர்சில் வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. தென்காசியில் ஆசாரியிடம் உரைத்துப் பார்த்துவிட்டு வந்துதான் என்னோடு மறுபடி பேசினார். நிஜத் தங்கமும் விண்வெளிக்குப் போவதுண்டு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடிகள் மேல் இருப்பது அசல் தங்கம். ஆறரை மீட்டர் அகலக் கண்ணாடிக்கு மொத்தமே சுமார் 48 கிராம். நம் கணக்கில் ஆறு பவுன். ஒரு சாதாரணக் கல்யாணத்துக்குக்கூட வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் போர்வை சூட்டையும் குளிரையும் தாங்குகிறது என்று மாணவர்கள் நிரூபித்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் போர்வைக்கு இன்னொரு பரீட்சை உண்டு. தன்மேல் விழுகிற மின்னூட்டத்தை அது தேக்கி வைத்துக்கொள்கிறதா, இல்லை வடியவிடுகிறதா? உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நம் ஊரில் இந்தத் தொல்லை அதிகம் தெரியாது. காற்றில் எந்நேரமும் ஈரம் இருப்பதால், ஏறுகிற மின்னூட்டம் ஏறிய வேகத்திலேயே கசிந்துவிடும். பெங்களூரில் பிப்ரவரி மாதம் ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று ஓர் அடி விழும். கையில் உறைக்கிற அந்த அடியே சில ஆயிரம் வோல்ட். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவதால் நாம் உதறிக்கொண்டு போய்விடுகிறோம்.

மேலே அப்படி உரசுவதற்கு யாரும் இல்லை. ஆனால் எலக்ட்ரான்கள் மழைபோல் வந்து விழுகின்றன. டி.வி. செயற்கைக்கோள்கள் நிற்கிற 36,000 கிலோமீட்டர் உயரத்தில், சூரியக்காற்று பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கும் நாட்களில், பத்தாயிரம் இருபதாயிரம் வோல்ட் உந்தித் தள்ளினால் வருகிற வேகத்தில் அவை வரும். நள்ளிரவிலிருந்து விடியும்வரை உள்ள பக்கத்தில்தான் தொல்லை அதிகம். வெயில் படுகிற பக்கத்தில் ஒளியே எலக்ட்ரான்களைத் தட்டி வெளியேற்றிவிடும், வரவுக்குச் சரியாகச் செலவு. நிழல் பக்கத்தில் வரவு மட்டும்தான். மேற்பரப்பு உலோகமாக இருந்தால் வந்தது கலம் முழுக்கப் பரவி எல்லா இடமும் ஒரே மட்டத்தில் நிற்கும். பிளாஸ்டிக்காக இருந்தால் விழுந்தது விழுந்த இடத்திலேயே தங்கும். அதற்கும் பக்கத்திலிருக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போகும். தாங்க முடியாத கட்டத்தில் ஒரு குட்டி மின்னல் வெட்டும். அது கம்பிகளுக்குள் புகுந்தால் கட்டளை வராமலேயே சுவிட்ச் மாறும், மெமரி குழம்பும். இன்னும் மோசமானால் பவர் சப்ளையே போய்விடும்.

அப்படியானால் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வெறும் உலோகத்தையே போர்த்திவிட்டால் என்ன என்று என் பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. பளபளப்பான உலோகம் வெயிலைக் கொஞ்சமாகத்தான் வாங்கும், ஆனால் வாங்கியதை லேசில் வெளியே விடாது. மொட்டைமாடியில் மறந்து வைத்த எவர்சில்வர் டம்ளரை மத்தியானம் எடுத்துப் பார்த்தால் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் வெப்பக்காரர்கள் என்று ஒரு பிரிவு இருந்தது. வெயிலைத் திருப்பி அடிக்க வேண்டும், அதேசமயம் உள்ளிருக்கும் கருவிகளின் சூட்டைத் தாராளமாக வெளியே விட வேண்டும், இதுதான் அவர்கள் கேட்பது. இதற்குப் பொருத்தமானவை பின்னால் வெள்ளி பூசிய குவார்ட்ஸ் கண்ணாடி, பின்னால் வெள்ளி பூசிய டெஃப்லான், வெள்ளை பெயின்ட். குவார்ட்ஸ் கண்ணாடி தன்மேல் படும் வெயிலில் பத்தில் ஒரு பங்கைக்கூட உள்ளே வாங்காது, அவ்வளவு நல்ல சரக்கு. ஆனால் கண்ணாடியும் டெஃப்லானும் மின்சாரத்தைச் சுத்தமாகக் கடத்தாதவை. வெப்பத்துக்கு எது நல்லதோ அது மின்னூட்டத்துக்குக் கெட்டது. என் இருபத்தொன்பது வருஷமும் இந்த ஒரு சண்டைக்கு நடுவில்தான் போனது.

சண்டைக்கு ஒரு சமாதானம் இருக்கிறது. இண்டியம் டின் ஆக்ஸைடு என்று ஒரு பொருள், சுருக்கமாக ஐ.டி.ஓ. என்போம். ஒளியை ஊடுருவ விடும், மின்சாரத்தையும் கொஞ்சம் கடத்தும். உங்கள் கைப்பேசியின் தொடுதிரையில் இருப்பதும் இதுதான். இதைக் கண்ணாடி மேலும் படலத்தின் மேலும் தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத மெல்லிய பூச்சாகப் படியவைத்து, ஓரத்தில் கலத்தின் உடம்போடு எர்த் இணைத்துவிட்டால் விழுகிற எலக்ட்ரான் வழிந்து போய்விடும். இந்தப் பூச்சு ஏறினால் கண்ணாடி வாங்குகிற வெயில் துளி கூடும், அதற்கும் வெப்பக்காரர்கள் முகத்தைத் தூக்குவார்கள்.

'மாணவர்களுடைய கோள் 36,000 கிலோமீட்டருக்குப் போகவில்லையே, தாழ்வாகத் துருவப் பாதையில்தானே சுற்றப்போகிறது' என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானின் மிடோரி-2 சுற்றியதும் அப்படிப்பட்ட பாதைதான். பூமியைக் கண்காணிக்க 2002 டிசம்பரில் ஏவிய பெரிய செயற்கைக்கோள் அது, உயரம் சுமார் 800 கிலோமீட்டர். 2003 அக்டோபர் 25 அன்று, ஆறு கிலோவாட் கொடுத்துக்கொண்டிருந்த அதன் மின்சாரம் சில நிமிடங்களில் ஒரு கிலோவாட்டுக்கு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தொடர்பும் அறுந்தது. சூரியன் பெரும் சீற்றத்தில் இருந்த சமயம் அது. விசாரித்தவர்கள் கடைசியில் கை காட்டியது எதை என்று நினைக்கிறீர்கள்? சூரியத் தகட்டிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பிக் கட்டைச் சுற்றியிருந்த வெப்பப் போர்வையை. அது எர்த் செய்யப்படாமல் இருந்திருக்கிறது. துருவப் பகுதியைக் கடக்கும்போது, வானில் வண்ண ஒளி காட்டுகிற அதே எலக்ட்ரான்கள் போர்வையில் ஏறி, பொறி வெட்டி, ஏற்கனவே உரிந்திருந்த கம்பிகளுக்கு நடுவே தீயாக நிலைத்துவிட்டது என்பதுதான் அவர்கள் வந்துசேர்ந்த முடிவு. க்யூஷு தொழில்நுட்பக் கழகத்தில் வெற்றிடச் சேம்பருக்குள் இதையெல்லாம் செய்து பார்த்தார்கள். கோள் போனபிறகு செய்த சோதனை. இதே போர்வை, சார். நீங்கள் 'தங்கத் தகடு' என்று எழுதிய அதே சமாச்சாரம். குளிரிலிருந்து காப்பாற்றப் போர்த்தியதே கோளைக் கொன்றுவிட்டது.

இது திடீரென்று முளைத்த விஷயமும் இல்லை. 1969-ல் ஏவிய அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-5 பூமியின் நிழலுக்குள் போகும்போது ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறுவதை அதிலிருந்த கருவியே காட்டிக்கொடுத்தது. 1973 ஜூனில் அமெரிக்க ராணுவத்தின் தகவல் செயற்கைக்கோள் ஒன்று இதே காரணத்தால் போனபிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஓஹையோவின் கிளீவ்லாந்தில் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் பூச்சுகளையும் படலங்களையும் வரிசையாகச் சேம்பருக்குள் வைத்து எலக்ட்ரான் கற்றையால் அடித்துப் பார்த்தார்கள். 1979 ஜனவரியில் ஸ்காதா என்ற கோளை இதற்கென்றே ஏவினார்கள். போர்வைத் துணுக்குகளையும் கண்ணாடித் துண்டுகளையும் சாம்பிளாகவே மேலே கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் எத்தனை வோல்ட் ஏறுகிறது என்று அளந்த கோள் அது. 1984-ல் நாசா வழிகாட்டி நூலே போட்டுவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் அதன் ஜெராக்ஸ் பிரதி ஒன்று அட்டை கிழிந்து, டீக்கறையோடு, எப்போதும் யாராவது ஒருவர் மேஜையில் கிடக்கும்.

சோதனையை எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன். மாணவர்கள் படித்தால் உதவும்.

உள்ளங்கை அளவுக்கு ஒரு சாம்பிள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, விரல் எண்ணெய் பட்டாலே அளவு மாறும். அலுமினியத் தட்டில் ஒட்டி, தட்டிலிருந்து ஒரு கம்பியை மீட்டர் வழியாக எர்த்துக்கு எடுப்போம். சேம்பரை மூடி, பாதரசத்தில் ஒரு மில்லிமீட்டர் அழுத்தம் என்பார்களே, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் காற்றை இறக்குவோம். அதற்கே பாதி நாள் ஆகும். அப்புறம் தட்டுக்குப் பின்னால் திரவ நைட்ரஜனை ஓடவிட்டுக் குளிரவைப்போம். ஏனென்றால் குளிரக் குளிர இந்தச் சரக்குகளின் மின்தடை ஏறும், மின்னூட்டம் வடிய வழி இன்னும் குறையும். சாதாரண அறைச்சூட்டில் தேறுகிற சாம்பிள் குளிரில் தோற்பது சகஜம். ஈரமும் அப்படித்தான். ஆகஸ்ட் மழை நாளில் வெளியே வைத்து மல்டிமீட்டரால் அளந்தால் ஒரு கணக்கு வரும், அதே துண்டு வெற்றிடத்தில் வேறு கணக்குச் சொல்லும். மழை நாளில் எடுத்த நல்ல ரீடிங்கை எங்கள் மேடம் நோட்டிலேயே ஏற விடமாட்டார். 'அது தண்ணீரோட ரீடிங்ப்பா, பூச்சோடது இல்லை' என்பார்.

பிறகு எலக்ட்ரான் துப்பாக்கி. ஐயாயிரம் வோல்ட்டில் ஆரம்பித்துப் படிப்படியாக இருபதாயிரம் வரை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நானோ ஆம்பியர், அதாவது ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். சாம்பிளைத் தொடாமலேயே அதன் மேலாக நகர்ந்து வோல்ட்டேஜைப் படிக்கும் ஒரு புரோப் உண்டு. பூச்சு இல்லாத டெஃப்லானை வைத்தால், நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம். திடீரென்று வெட்டும். நீலமும் வெள்ளையுமாக, ஓரத்திலிருந்து நடு நோக்கிக் கிளை பிரிந்து, இலையுதிர்ந்த வேப்பமரம் மாதிரி ஒரு மின்னல். மின்துடிப்பைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் ஒரு ஊசி எழுந்து விழும். பெரும்பாலும் ஓரத்திலோ, ஊசித்துளை இருக்கும் இடத்திலோதான் தொடங்கும். சோதனை முடிந்ததும் சாம்பிளை மறுபடி வெப்பக்காரர்களிடம் கொடுக்க வேண்டும், பொறி வெட்டிய பிறகு அதன் வெயில் கணக்கு கெட்டிருக்கிறதா என்று பார்க்க.

இனி ஒரு தப்பு. என்னுடையது. ஐ.டி.ஓ. பூசிய படலம் ஒன்று வந்திருந்தது. வெப்பச் சோதனையில் தேறியது. ஓம் மீட்டரில் நடுவில் இரண்டு இடம் வைத்துப் பார்த்தேன், ரீடிங் பிரமாதம். சேம்பரில் வைத்து பன்னிரண்டாயிரம் வோல்ட் போனபோது இடது மேல் மூலையில் மட்டும் பளிச் பளிச் என்று வெட்டியது. மற்ற இடமெல்லாம் சைவமாக உட்கார்ந்திருந்தது. பூச்சு மட்டம், சப்ளையரைக் கூப்பிடு என்று ஒரே சத்தம். மறுநாள் மேடம் சாம்பிளை வெளியே எடுத்து, லென்ஸ் வைத்து அந்த மூலையை ரொம்ப நேரம் பார்த்தார். சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற, மயிரிழைபோல ஒரு கோடு. அந்தப் பக்கம் ஒரு முனை, இந்தப் பக்கம் ஒரு முனை வைத்து அளந்தால் மீட்டர் அசையவே இல்லை. தூசு படக்கூடாதே என்று, முந்தின வாரம் அந்தப் படலத்தைப் பேனா தடிமன் குழாயில் சுருட்டி டிராயரில் செருகியது நான்தான். மூலை மடிந்திருக்கிறது. ஐ.டி.ஓ. பார்க்கப் படலம் மாதிரி இருந்தாலும் குணத்தில் பீங்கான், மடித்தால் விரிசல் விடும். விரிசலுக்கு அந்தப் பக்கம் இருந்த மூலை எர்த்திலிருந்து துண்டாகித் தீவாகிவிட்டது. தீவான கடத்தி, கடத்தாத பொருளைவிட மோசம். பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் அங்கங்கே சிக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், தீவில் சேர்ந்ததெல்லாம் ஒரே பாய்ச்சலாகப் பாயும். சப்ளையருக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை மேடமே கிழித்துப் போட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை டிராயரைத் திறந்தால் குழாயைக் காணோம், அந்த இடத்தில் ஒரு தட்டையான அட்டைப்பெட்டி இருந்தது.

அந்தப் படலம் சேம்பருக்குள் போகாமல் நேராகக் கலத்தில் ஏறியிருந்தால்? வெப்பச் சோதனைக்கு அந்த விரிசல் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. சான்றிதழ் எழுதியவருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் அனுப்பியபோது அது நன்றாகத்தான் இருந்தது.

பத்திரிகைக்காரரான உங்களுக்கு ஒரு செய்தி, இது பூச்சு சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் இ-1, இ-2 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் அடுத்தடுத்துக் கட்டுப்பாடு இழந்து தலைசுற்றிப் படுத்துவிட்டன. அங்கே இன்னும் வேகமான எலக்ட்ரான்கள் தோலைத் துளைத்து உள்ளே போய்த் தேங்கியதுதான் காரணம் என்றார்கள். அன்று கனடிய செய்தி நிறுவனத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட நாளிதழ்களுக்குச் செய்தி அனுப்ப முடியவில்லை. இ-1 சில மணி நேரத்தில் எழுந்துவிட்டது. இ-2 எழுந்து நிற்க மாதக்கணக்கானது.

மாணவர்களைக் குறை சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அவர்கள் வயதில் எனக்கு எலக்ட்ரானின் ஸ்பெல்லிங்கே சந்தேகம். ஆனால் இன்னும் கோள் மேலே போகவில்லை என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் நிருபர் மூலம் அவர்களிடம் மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். போர்வையில் பல அடுக்கு இருக்குமே, வெளியே தெரியும் அடுக்கு மட்டும் எர்த் ஆகியிருக்கிறதா, எல்லா அடுக்குமா? அலுமினியத் தாளை விசிறி மாதிரி மடித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரு மடிப்பைச் செருகி, துளையிட்டு போல்ட் போட்டுக் கம்பி எடுப்பது வழக்கம். அப்படி எத்தனை இடத்தில் எடுத்திருக்கிறார்கள்? ஓர் இடம் போதாது, ஒன்று அறுந்தால் இன்னொன்று வேண்டும். மூன்றாவது, கோளில் போர்த்திய அதே உருளையிலிருந்து ஒரு துண்டு மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அதை எலக்ட்ரான் துப்பாக்கி உள்ள ஏதாவது ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி, குளிரவைத்து ஒரு ராத்திரி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்பும்போது தட்டையாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள், சுருட்ட வேண்டாம்.

அவர்கள் சொல்கிற பதிலையும் அதே இணைப்பில், அதே அரைப் பக்கத்தில் போட்டால் சந்தோஷப்படுவேன். படத்துக்குக் கீழே இந்தத் தடவை 'காப்டன்' என்று எழுதிவிடுங்கள். என் சித்தப்பா இப்போதும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
அம்பாசமுத்திரம்.